ஜோனா லோமு: டயாலிசிஸ் வார்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

என் அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அவர் படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பழைய ரக்பி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஜோனா லோமு ஓடுவதை அண்ணனுக்குக் காட்டி, "இவரும் டயாலிசிஸில் இருந்தவர்தான்" என்று சொன்னேன். அடுத்த படுக்கையில் இருந்தவர் தலையைத் தூக்கி, "யாரு, எங்க காட்டுங்க" என்றார்.

அன்றிலிருந்து நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன் தம்பி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"யாருப்பா இந்த ஜோனா லோமு?"

நியூசிலாந்து நாட்டின் ரக்பி யூனியன் வீரர். 1975 மே 12-ல் பிறந்தவர். அந்த நாட்டின் தேசிய அணி கறுப்பு உடையில் ஆடும், அதனால் 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர். அந்த அணிக்காக 1994 முதல் 2002 வரை 63 டெஸ்ட் ஆடி 37 ட்ரை அடித்தார். ரக்பியில் டெஸ்ட் என்றால் ஐந்து நாள் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாடுகள் மோதும் 80 நிமிட ஆட்டத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

2004-ல் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. 2015 நவம்பர் 18-ல், 40 வயதில், ஆக்லாந்தில் இறந்தார். ரக்பி பார்க்காத ஊர்களிலும் பெயர் தெரிந்த முதல் ரக்பி வீரர் அவர்தான் என்பது என் எண்ணம்.

"பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறாங்க, ஆளைப் பிடிச்சு சாய்க்கிறாங்க. இது என்ன ஆட்டம்?"

கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம். அவர்களுக்கு ரக்பியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு: ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணி மடக்கிக் கீழே சாய்க்கலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, 5 புள்ளி. அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவில் உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3, ஓட்டத்தின் நடுவில் பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைத்து உள்ளே அனுப்பும் டிராப் கோலுக்கும் 3.

15 பேரில் எட்டுப் பேர் முன்னணி. முட்டி மோதிப் பந்தைப் பிடுங்குவது அவர்கள் வேலை, எல்லாரும் பெரிய உடம்புக்காரர்கள். மீதி ஏழு பேர் பின்னணி, வேகமானவர்கள். அவர்களில் ஓரக்கோட்டை ஒட்டி நிற்பவர் விங். லோமு இடது விங், சட்டை எண் 11.

"ஆளு இவ்வளவு பெருசா இருக்காரே, எப்படி இந்த ஓட்டம் ஓடுறாரு?"

அதுதான் அன்றைக்கு எல்லோரையும் திகைக்க வைத்தது. உயரம் 1.96 மீட்டர், அதாவது ஆறடி ஐந்து அங்குலம். எடை 120 கிலோவை ஒட்டி. அன்றைய விங் வீரர்கள் 80, 85 கிலோவில் இருப்பார்கள். இவர் எடையில் முன்னணி ஆள், வேகத்தில் விங். 100 மீட்டரை 11 வினாடிக்குள் ஓடக்கூடியவர்.

பள்ளிக்கூடத்தில் அவர் முன்னணியில்தான் ஆடினார். அதற்குப் பிறகுதான் விங்குக்கு மாற்றினார்கள். ஆளை மோதும்போது தோளை எப்படித் தாழ்த்துவது, நெருங்கி வருபவனைக் கையை நீட்டி எப்படித் தள்ளிவிடுவது என்பதெல்லாம் அங்கே கற்றது. வெறும் எடையால் ஓடினார் என்று சொல்பவர்கள் அவர் கால்களைக் கவனித்துப் பார்த்ததில்லை. கடைசி நொடியில் பாதையை மாற்றுவார், ஓரக்கோட்டில் நுனிக்காலில் போவார்.

"நியூசிலாந்துன்னா வெள்ளைக்காரங்கதானே? இவரு அப்படித் தெரியலையே."

லோமுவின் பெற்றோர் டோங்கா நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். டோங்கா பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. டோங்கா, சமோவா, ஃபிஜி போன்ற தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் ஆக்லாந்து நகரத்தின் தெற்குப் பகுதியில் நிறைய உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தனி. ஆட்டத்துக்கு முன்னால் அணியே சேர்ந்து ஆடும் ஹாக்கா அவர்களுடையது.

குழந்தையாக இருக்கும்போது லோமுவை டோங்காவின் ஹாபாய் தீவுகளில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வருடம் அங்கே வளர்ந்து, பிறகு தெற்கு ஆக்லாந்துக்குத் திரும்பினார். 1999 உலகக்கோப்பையில் நியூசிலாந்தின் முதல் ஆட்டம் இந்த டோங்காவோடுதான் அமைந்தது. அதிலும் லோமு ட்ரை அடித்தார்.

"பணக்கார வீட்டுப் பிள்ளையா?"

இல்லை. தெற்கு ஆக்லாந்தில் அவர் வளர்ந்த தெருக்களில் ரவுடிக் கும்பல்கள் உண்டு. உறவினர் ஒருவரையே அந்த மாதிரி வன்முறையில் இழந்தவர். வீட்டில் அப்பாவின் அடியும் இருந்தது. அதைப் பற்றி லோமுவே பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பையன் கைமீறிப் போவதற்குள் அம்மா அவரை வெஸ்லி கல்லூரி என்ற விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஆக்லாந்துக்குத் தெற்கே இருக்கிற பழைய பள்ளி அது. அங்கேதான் ஓட்டப்பந்தயமும் ரக்பியும் அவருக்குப் பிடிமானமாக அமைந்தன. அந்த அம்மா எடுத்த முடிவை நினைக்காமல் என்னால் லோமுவின் ஆட்டத்தைப் பார்க்க முடிவதில்லை.

"எடுத்தவுடனே பெரிய ஸ்டார் ஆயிட்டாரா?"

இல்லவே இல்லை. 1994 ஜூன் 26-ல் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட். வயது 19 வருடம் 45 நாள். ஆல் பிளாக்ஸுக்கு டெஸ்ட் ஆடிய மிக இளையவர் என்ற சாதனை அன்றைக்கு அவருக்கு வந்தது. ஆனால் நியூசிலாந்து 22–8 என்று தோற்றது. அடுத்த டெஸ்டிலும் தோல்வி. பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் திருப்பி ஓடவைத்துத் திணறடித்தார்கள். விங்குக்குப் புதிது, எங்கே நிற்பது என்பதே பிடிபடவில்லை.

அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1995 உலகக்கோப்பைக்கு அவரைச் சேர்த்ததே கடைசி நேரத்து முடிவு மாதிரிதான் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறும்போது அவர் கணக்கில் இருந்தவை அந்த இரண்டு தோற்ற டெஸ்டுகள் மட்டும்.

"ஒருத்தர் மேலயே ஏறி மிதிச்சிட்டுப் போறாரே, அது எந்த ஆட்டம்?"

வார்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். 1995 ஜூன் 18, கேப் டவுன், நியூலண்ட்ஸ் மைதானம். உலகக்கோப்பை அரையிறுதி, எதிரணி இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று நிமிடம்கூட இருக்காது.

லோமுவுக்கு வந்த பந்து சரியான பந்தே இல்லை. அவரைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. திரும்பிப் போய் எடுத்தார். எதிரில் டோனி அண்டர்வுட். ஓரமாகச் சுற்றி அவரைத் தாண்டினார். இங்கிலாந்துத் தலைவர் வில் கார்லிங் பின்னாலிருந்து பாய்ந்து காலைத் தட்டினார். லோமு தடுமாறினார், விழப்போகிறார் என்றுதான் தோன்றும். விழுந்துகொண்டே முன்னால் போகிற மாதிரி அந்தத் தடுமாற்றத்திலேயே ஓடினார். கடைசியாக நின்றவர் மைக் கேட். மடக்க நின்ற கேட்டின் மேலேயே ஏறிப் போய்க் கோட்டைத் தாண்டி விழுந்தார். இந்த நான்கு கட்டத்தில் எந்த இடத்திலும் அது முடிந்திருக்கலாம். பந்தை எடுக்கத் திரும்பின அந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். மிதித்த காட்சியை மட்டும் வெட்டிப் போடுபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கு அவர் அடித்தது நான்கு ட்ரை. நியூசிலாந்து 45–29 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் கார்லிங் அவரை 'இயற்கைக்கு மீறிய பிறவி' என்கிற அர்த்தத்தில் பேசினார். அப்போது லோமுவுக்கு வயது 20.

"மிதிபட்டவரு என்ன ஆனாரு? அதோட ஆட்டத்தை விட்டுட்டாரா?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. மைக் கேட் அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் இங்கிலாந்துக்கு ஆடினார். மொத்தம் 75 டெஸ்ட். 2003-ல் உலகக்கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் அவர் இருந்தார். 2007 இறுதியாட்டத்திலும் களத்தில் இறங்கினார். லோமுவுக்கு ஒரு தடவையும் கிடைக்காத கோப்பை கேட்டுக்குக் கிடைத்தது.

"அப்ப 1995 கோப்பை இவங்களுக்கு வரலையா?"

வரவில்லை. அதே மாதம் 24-ம் தேதி ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் இறுதியாட்டம். நிறவெறி ஆட்சி முடிந்து, தென்னாப்பிரிக்கா ஆடிய முதல் ரக்பி உலகக்கோப்பை அது. நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க அணித்தலைவர் பிரான்சுவா பினாரின் 6-ம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோலில் 15–12 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை.

இறுதியாட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர்கள் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. வேண்டுமென்றே யாரோ செய்தது என்று பயிற்சியாளர் லாரி மெயின்ஸ் சந்தேகப்பட்டார், நிரூபணம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அன்றைக்குத் தென்னாப்பிரிக்கா ஆடிய தற்காப்பே போதும். லோமுவை ஒருவர் தனியாகப் பிடிக்கப் பார்க்கவில்லை. பந்து கைக்கு வந்ததுமே, வேகம் எடுக்கும் முன், இரண்டு மூன்று பேர் கீழே விழுந்து காலைக் கட்டிக்கொண்டார்கள்.

"தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா அவரு ட்ரையே அடிச்சதில்லைன்னு படிச்சேன். உண்மையா?"

உண்மைதான். 12 டெஸ்ட் ஆடினார், ஒரு ட்ரைகூட இல்லை. மேலே சொன்ன இறுதியாட்டத்தில் கற்றதை அவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. லோமுவைப் பிடிக்கவே முடியாது என்று பேசுபவர்களிடம் இதையும் சொல்வேன். அவரைப் பிடிக்க ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்கு மூன்று பேர் வேண்டும், அந்த மூன்று பேர் விட்டுவந்த இடத்தில் மற்ற நியூசிலாந்துக்காரர்கள் ஓடிவிடுவார்கள்.

"கிட்னி பிரச்சினை எப்ப வந்துச்சு? ரிட்டையர் ஆனதுக்கு அப்புறமா?"

இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு வந்த நோய் இல்லை இது. 1995 கடைசியிலேயே, அதாவது அந்த உலகக்கோப்பை முடிந்து சில மாதத்தில், நெஃப்ரோடிக் சின்ட்ரோம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 20 வயதுதான். 1997-ல் கடுமையான சிகிச்சைக்காக ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். அந்த வருடக் கடைசியில் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில்தான் ஆல் பிளாக்ஸுக்குத் திரும்பினார்.

கீழே வரப்போகும் 1998, 1999, 2000 எல்லாமே நோய் உடம்போடு ஆடியவை. அந்த வருடங்களை எழுதும்போது பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று என் அண்ணன் மாடிப்படி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்த பிறகு, என்னால் தாண்ட முடியவில்லை.

"நெஃப்ரோடிக்னா என்ன? எங்க அக்கா பையனுக்கும் அதான்னு சொன்னாங்க."

சிறுநீரகத்துக்குள்ளே ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் லட்சக்கணக்கில் உண்டு. அவை பழுதாகி, ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போவதுதான் நெஃப்ரோடிக் சின்ட்ரோம். புரதம் குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும். கண்ணைச் சுற்றியும் காலிலும் வீக்கம், களைப்பு. தொற்றும் எளிதாக வரும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

இது ஒரே நோய் இல்லை, பல காரணங்களால் வரும் ஒரு நிலை. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும், பலர் வளர வளர அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். லோமுவுக்கு வந்தது சிறுநீரகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக அழித்த வகை. அதனால் அவர் கதையை உங்கள் பையனுக்குப் பொருத்திப் பயப்பட வேண்டாம். பையனைப் பார்க்கும் நெஃப்ராலஜி டாக்டரிடம் எந்த வகை என்று கேளுங்கள்.

"ஸ்டீராய்டு போட்டுத்தான் அந்த உடம்பாம். கிட்னி போனதும் அதனாலதானாமே?"

இதை அடித்துச் சொல்பவர்களை நான் மூன்று பேராவது பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு மருந்துகள் இருப்பதால் வரும் குழப்பம். தசையை வளர்க்க ஜிம்மில் திருட்டுத்தனமாகப் போடுவது ஒன்று. நெஃப்ரோடிக்குக்கு டாக்டர் எழுதித்தரும் பிரெட்னிசோலோன் போன்றது வேறு. இது தசையை வளர்க்காது. நாள்பட எடுத்தால் தசையைக் கரைக்கும், எலும்பை மெலியவைக்கும், முகத்தை ஊதவைக்கும்.

லோமு பள்ளிக்கூடத்திலேயே அந்த உடம்போடு இருந்தவர். டோங்கா வம்சாவளியில் அந்த உடல்வாகு அபூர்வமில்லை. நோய் அவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம்.

"1995-க்கு அப்புறம் பெருசா எதுவும் செய்யலையா?"

செய்தாரே! 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஏழு பேர் ரக்பியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். 1999 உலகக்கோப்பையில் 8 ட்ரை, 1995-ல் அடித்ததைவிட ஒன்று அதிகம். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக இரண்டு அடித்தார். ஆனாலும் 24–10 என்று முன்னிலையில் இருந்த நியூசிலாந்து 43–31 என்று தோற்றது. மறுபடியும் கோப்பை இல்லை.

இரண்டு உலகக்கோப்பை, 11 ஆட்டம், 15 ட்ரை. இந்த 15-ஐ 2015-ல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா எட்டினார். ஹபானாவுக்கு அதற்கு மூன்று உலகக்கோப்பை வேண்டியிருந்தது. ஹபானாவைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் அருமையான வீரர், 2007-ல் கோப்பையும் வென்றவர்.

"இவராலதான் ரக்பியில காசு வந்துச்சுன்னு சொல்றாங்களே?"

பாதி சரி. 1995 வரை ரக்பி யூனியனில் சம்பளம் வாங்கக்கூடாது என்பது விதி. காசு வேண்டுமென்றால் 13 பேர் ஆடும் ரக்பி லீக்குக்குப் போக வேண்டும். அந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கு முந்தின நாள், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்ற தெற்கு நாடுகள் மூன்றும் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு பத்து வருட ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தன. 55 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். ஆகஸ்டில் சர்வதேச ரக்பி வாரியம் சம்பளத் தடையை நீக்கிவிட்டது.

இந்தப் பேச்சுவார்த்தை லோமு ஓடுவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆகவே அவர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காசு கொடுத்துப் பார்க்க இந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு முகம் கிடைத்தது. அவர் பெயரில் 1997-ல் வீடியோ கேம்கூட வந்தது. லீக் கிளப்புகளும் அமெரிக்கக் கால்பந்து ஆட்களும் அவரை இழுக்கப் பார்த்தார்கள். அவர் கறுப்புச் சட்டையை விட்டுப் போகவில்லை.

"டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே ஆல் பிளாக்ஸுக்கு ஆடினாரா?"

இல்லை. அவருடைய கடைசி டெஸ்ட் 2002 நவம்பரில் கார்டிஃபில், வேல்ஸுக்கு எதிராக. 2003-ல் சிறுநீரகம் ரொம்ப மோசமாகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். வாரம் மூன்று தடவை, நம் ஆட்களுக்குப் பழகின அதே கணக்கு.

அது அவருக்குப் போதவில்லை. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. நடக்கவே தடுமாறினார். மாற்று அறுவை செய்யாவிட்டால் சக்கர நாற்காலியில்தான் இருக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். உலகமே பார்த்த கால்கள் அவை. இதை நான் சொன்னபோது வார்டில் யாரும் பேசவில்லை.

"கிட்னி கொடுத்தது யாரு? கூடப் பிறந்தவங்களா?"

ரத்த சொந்தம் இல்லை. கிராண்ட் கெரியாமா என்ற நண்பர், வெலிங்டன் நகரத்தில் வானொலி அறிவிப்பாளர். தானாக முன்வந்து கொடுத்தார். 2004 ஜூலை 28-ல் ஆக்லாந்தில் அறுவை நடந்தது.

லோமுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மனிதருக்கு இரண்டு வரி ஒதுக்குகிறார்கள். இங்கே நம் வார்டில், கூடப் பிறந்தவர் தருவாரா, மனைவியின் ரத்த வகை பொருந்துமா என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

"மாத்தின கிட்னியோட மறுபடியும் முட்டி மோதி ஆடினாராம். டாக்டர் எப்படி விட்டாரு?"

ஆடினார். புது சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைப்பார்கள். விலா எலும்பின் பாதுகாப்பு அங்கே இல்லை. அடிபடும் என்பதால் மோதல் ஆட்டங்கள் வேண்டாம் என்றுதான் மாற்று அறுவை செய்தவர்களுக்குச் சொல்வது வழக்கம். தெரிந்தேதான் லோமு களத்தில் இறங்கினார்.

2005 ஜூனில் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில், இங்கிலாந்தின் முன்னாள் அணித்தலைவர் மார்ட்டின் ஜான்சனுக்காக நடந்த கௌரவ ஆட்டத்தில் ட்ரை அடித்தார், தோளில் காயமும் பட்டது. அந்த டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்கு ஆடத் தொடங்கி, அந்த மாதமே நியூபோர்ட் க்வெண்ட் டிராகன்ஸுக்கு எதிராக ஒரு ட்ரை. பழைய வேகம் இல்லை. பிறகு நியூசிலாந்தில் நார்த் ஹார்பர் அணிக்கு ஆடினார். 2007 உலகக்கோப்பைக்குப் போகும் ஆசை கைகூடவில்லை. 2009-ல் பிரான்சில் மார்செய் பக்கத்தில் ஒரு கீழ்ப்பிரிவு கிளப்புக்கும் ஆடினார்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மாற்று அறுவைக்குப் பிறகு உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் ஏன் போனார் என்பது எனக்குப் புரிகிறது. அவருக்கு வீடு மாதிரி இருந்த இடம் அது ஒன்றுதான்.

"வச்ச கிட்னி எத்தனை வருஷம் ஓடுச்சு? ரக்பி ஆடினதால கெட்டுப்போச்சா?"

ஏழு வருடம். 2011-ல் நியூசிலாந்தில் உலகக்கோப்பை நடந்தது. தொடக்க விழாவில் ஈடன் பார்க் மைதானத்தில் லோமு தோன்றினார். அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அந்தச் சிறுநீரகம் செயலிழந்து, மறுபடியும் டயாலிசிஸுக்குப் போனார்.

ஆட்டத்தில் அடிபட்டுத்தான் போயிற்று என்று சொல்ல ஆதாரம் கிடையாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் மாற்றின சிறுநீரகம் காலப்போக்கில் செயலிழப்பது பலருக்கும் நடக்கிறது. ஏதோ தப்புச் செய்தார் என்ற தொனி இந்தக் கேள்வியில் இருக்கிறது. மாற்று அறுவை தோற்றுப்போய் இங்கே திரும்பி வந்தவர்கள் காதில் அது விழும். தயவுசெய்து வார்டில் இப்படிக் கேட்காதீர்கள்.

"விமானத்துல சுத்தினதாலதான் செத்துப்போனாராமே? டயாலிசிஸ்ல இருக்கிறவங்க பயணமே போகக்கூடாதா?"

2015-ல் உலகக்கோப்பைக்காகக் குடும்பத்தோடு பிரிட்டன் போயிருந்தார். வழியில் துபாயில் தங்கிவிட்டு ஆக்லாந்து திரும்பியதும் இறந்தார். சிறுநீரக நோயோடு சேர்ந்து வந்த மாரடைப்பு என்று செய்திகள் வந்தன. பல வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம், அதை நமக்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார். பயணம்தான் கொன்றது என்று முடிவு கட்ட முடியாது.

பயணம் போகலாம். அந்தப் பயணத்திலும் அவர் டயாலிசிஸ் செய்துகொண்டேதான் இருந்தார். போகும் ஊரில் எந்த மையம் என்று முன்கூட்டியே பேசி, ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, உங்கள் டாக்டர் சரி என்ற பிறகு போங்கள். என் அண்ணன் போன தை மாதம் அப்படித்தான் மகள் வீட்டுக்குப் போய்வந்தார்.

"குடும்பம்? சம்பாதிச்ச பணம்?"

மனைவியும் இரண்டு சின்ன மகன்களும். மகன்களின் 21-ம் பிறந்தநாளைப் பார்த்துவிட வேண்டும் என்பது தன் ஆசை என்று இறந்த அதே வருடம் சொல்லியிருந்தார். அப்போது பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயது. பெரிய சொத்து எதுவும் மிச்சமில்லை என்று பிறகு தெரிந்தது. நியூசிலாந்து ரக்பி வீரர்கள் சங்கம் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தியது. நவம்பர் 30-ல் ஈடன் பார்க்கில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. வெஸ்லி கல்லூரி மாணவர்கள் அவருக்காக ஹாக்கா ஆடினார்கள்.

"நோய் மட்டும் இல்லைன்னா எங்கயோ போயிருப்பாரு, இல்ல?"

எல்லோரும் இப்படித்தான் முடிக்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இல்லாத ஒரு லோமுவை நினைத்து வருத்தப்படும்போது, இருந்த லோமு சின்னவராகிவிடுகிறார். 37 ட்ரையில் பெரும்பகுதி நோய் தெரிந்த பிறகு அடித்தது. சிறுநீரில் புரதம் ஒழுக, பயிற்சிக்கு மற்றவர்களைவிட அதிக ஓய்வு தேவைப்பட, அந்த உடம்போடு அடித்தது. அதைப் பாதியில் நின்ற கணக்காக ஏன் பார்க்க வேண்டும்? அது முழுக் கணக்கு.

"அண்ணே, நான் ஒண்ணே ஒண்ணு பார்க்கிறதா இருந்தா எதைப் பார்க்கட்டும்?"

கேட்டது டயாலிசிஸுக்குப் புதிதாக வந்திருக்கும் காலேஜ் பையன். கேட் மேல் ஏறின ஓட்டத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். அதை ஏற்கெனவே பார்த்திருப்பான். நான் சொன்னது 2000 ஜூலை 15, சிட்னி, ஆஸ்திரேலியாவோடு ஆடியது. மைதானத்தில் 1,09,874 பேர். தொடங்கின சில நிமிடத்தில் நியூசிலாந்து 24–0. இடைவேளைக்குள் ஆஸ்திரேலியா 24–24. ஆட்டம் முடியும் நேரத்தில் ஆஸ்திரேலியா 35–34 என்று ஒரு புள்ளி முன்னால் நிற்கிறது.

நேரம் தாண்டிவிட்டது. டெய்ன் ராண்டல் கொடுத்த பந்து இடது ஓரத்தில் லோமுவுக்கு வருகிறது. ஸ்டீபன் லார்கம் மடக்க வருகிறார். இந்தத் தடவை லோமு யார் மேலும் ஏறவில்லை. லார்கமைத் தோளால் விலக்கி, ஓரக்கோட்டில் கால் பட்டால் எல்லாம் போச்சு என்ற இடத்தில், அந்த 120 கிலோ உடம்பை நுனிக்காலில் நிறுத்தி நடக்கிற மாதிரி ஓடிப் பந்தை ஊன்றுகிறார். 39–35. பையன் அதை மூன்று தடவை பார்த்தான். பிறகு போனை அண்ணனிடம் நீட்டி, "சார், காலை மட்டும் பாருங்க" என்றான்.